உடல் உதிர்க்கும் துகளில் ஒளிமருந்தை ஏற்றலாமா? ஒரு கேள்வியும் தொடர்ந்த குறிப்புகளும்

ஜனவரி 9, மாலை. குன்னூர் வாசகி ஒருவரின் கேள்வி

என் அத்தைக்கு நாக்கின் ஓரத்தில் புற்று என்று சொல்லிவிட்டார்கள். இம்மாதக் கடைசியில் அறுவைக்கு நாள் குறித்திருக்கிறது. இதற்கிடையில் எங்கள் குடும்பக் குழுவில் ஒரு செய்தி சுற்றி வருகிறது. நம் உடலின் செல்களே வெளியிடும் எக்சோசோம் என்ற நுண்துகளில் மருந்தை ஏற்றினால் அது நேராகக் கட்டியைத் தேடிப் போய்ச் சேருமாம். பிறகு சிவப்பு விளக்கைக் காட்டினால் புற்று மட்டும் கருகுமாம். இயற்கையானது என்பதால் பக்கவிளைவே இல்லையாம். நோபல் பரிசு பெற்ற கண்டுபிடிப்பாம். அறுவையைத் தள்ளிப்போடலாமா என்று அத்தை கேட்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 9, இரவு

தள்ளிப்போடாதீர்கள். மற்றதையெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம், இந்த ஒரு சொல்லை இன்றிரவே அத்தையிடம் சேர்த்துவிடுங்கள். எக்சோசோம் போலச் செல்கள் உதிர்க்கும் நுண்பைகளில் ஒளிமருந்தை, அதாவது ஒளி பட்டால் மட்டும் வேலை செய்யும் மருந்தை, ஏற்றும் வேலை பெரும்பாலும் ஆய்வகத் தட்டுகளிலும் எலிகளிலும்தான் நடந்து வருகிறது. சீட்டு எழுதி வாங்கக்கூடிய மருந்தாக அது எங்கும் இல்லை. நாக்குப் புற்று அதுவரை காத்திருக்காது.

நான் மருத்துவன் அல்லன். 31 ஆண்டுகள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்துவிட்டு, இப்போது கோத்தகிரிக்குக் கீழே அரை ஏக்கர் தேயிலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவன். இந்த விஷயத்தில் எனக்கு அக்கறை வரக் காரணம் என் அண்ணன். அதை நாளை எழுதுகிறேன்.

ஜனவரி 10, காலை

முதலில் ஒளியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் அந்தச் செய்தியை எழுதியவர் துகளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஒளியை மறந்துவிட்டார்.

ஒளிமருந்தால் செய்யும் வைத்தியத்துக்கு ஒளியியக்கச் சிகிச்சை என்று பெயர். அதற்கு மருந்து, ஒளி, ஆக்சிஜன் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கூட வேண்டும். இருட்டில் மருந்து ஏறக்குறையச் சும்மா கிடக்கும். அதற்கு உரிய நிறத்து ஒளி பட்டதும் அந்த ஆற்றலை வாங்கி அருகிலிருக்கும் ஆக்சிஜனிடம் தள்ளிவிடும். அப்படி முறுக்கேறிய ஆக்சிஜன், செல்லின் சவ்வையும் புரதத்தையும் கண்டபடி கடிக்கும். அதன் ஆயுள் நுண்விநாடிக் கணக்கில்தான் என்பதால், ஒரு செல்லின் அகலத்தைக்கூடத் தாண்ட முடியாமல், பிறந்த இடத்திலேயே கடித்துவிட்டு அடங்கிவிடும். மருந்து இருந்தும் ஒளி படாத இடம் தப்பிவிடும். ஒளி பட்டும் மருந்து இல்லாத இடமும் தப்பிவிடும்.

இது புதிய செய்தியும் அன்று. மியூனிக் நகரில் ஹெர்மன் ஃபான் டாப்பைனரிடம் பயின்ற ஆஸ்கர் ராப் என்ற மாணவர், அக்ரிடின் என்ற சாயத்தைப் பாரமீசியம் என்ற ஒற்றைச்செல் உயிரி நீந்தும் நீரில் விட்டுப் பார்த்து, 1900இல் முடிவை வெளியிட்டார். ஒரே அளவு சாயம் ஒரு நாள் உயிரிகளைக் கொன்றது, மற்றொரு நாள் விட்டுவிட்டது. விட்டுவிட்ட நாளில் இடிமழை, வானம் இருண்டு கிடந்தது. வேறுபாடு வெளிச்சத்தில் இருக்கிறது என்று அவர்கள் பிடித்துவிட்டார்கள். அவர் ஆய்வகத்தை நீலகிரியில் வைத்திருந்தால் ஆடி மாத மூடுபனியில் ஒரு பாரமீசியமும் செத்திருக்காது, கண்டுபிடிப்பும் நடந்திருக்காது என்று நான் நினைத்துச் சிரிப்பதுண்டு.

1912இல் ஃபிரெடரிக் மேயர்-பெட்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர் ஹெமட்டோபோர்ஃபிரின் என்ற ஒளிமருந்தை 200 மில்லிகிராம் தம் உடலிலேயே ஏற்றிக்கொண்டு வெயிலில் இறங்கினார். முகமும் கையும் வீங்கின. இரண்டு மாதத்துக்கு மேலாகியும் வெயில் அவருக்கு ஆகவில்லை. அந்த இரண்டு மாதங்கள்தாம் இந்தக் குறிப்புத் தொடரின் உண்மையான விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஜனவரி 10, இரவு

அண்ணனுக்கு உணவுக்குழாயில் புற்று. தண்ணீர்கூட இறங்காத நிலை வந்தபோது, பெருநகர மருத்துவமனை ஒன்றில் ஃபோட்டோஃப்ரின் என்ற மருந்தை நரம்பில் ஏற்றி, இரண்டு நாள் கழித்துத் தொண்டை வழியே மெல்லிய ஒளியிழையை இறக்கி, 630 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசரைக் காட்டினார்கள். நோயைக் குணமாக்குவது நோக்கமன்று, அடைப்பைத் திறப்பதுதான். அமெரிக்காவில் 1995இல் இம்மருந்துக்கு முதல் அனுமதி கிடைத்ததும் இந்த வேலைக்குத்தான். அடைப்பு திறந்தது. முதலில் கஞ்சி இறங்கியது, பிறகு இட்லி இறங்கியது, ஒரு நாள் அவரே அவரைக்காய்க் குழம்பு கேட்டார்.

ஆனால் மருந்து கட்டியில் மட்டும் தங்குவதில்லை, தோலிலும் தங்கிவிடுகிறது. குறைந்தது 30 நாள் வெளிச்சத்துக்கு அஞ்சி வாழ வேண்டும். எங்களிடம் கொடுத்த சீட்டில் 'நேரடி வெயில் கூடாது' என்ற ஒரு வரிதான் இருந்தது. எழுதியவர் சமவெளிக்காரராக இருந்திருப்பார். வெயில் என்றால் தார்ச்சாலை உருகுவது என்று அவருக்கு நினைப்பு. ஏறக்குறைய 6000 அடி உயரத்தில் எங்களுக்கு வெயில் என்ற சொல்லுக்குக் குளிர்காயும் சுகம் என்று பொருள்.

பன்னிரண்டாம் நாள் எதிர்ச் சரிவிலுள்ள சில்வர் ஓக் மரங்கள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மூடுபனி. இன்றைக்கு எங்கே வெயில் என்று திரையை விலக்கி, மூடிய கண்ணாடி ஜன்னலருகே அண்ணனை உட்கார வைத்தேன். இடது கையை ஜன்னல் திண்டில் ஊன்றிக்கொண்டு அவர் தேநீர் குடித்தார். முக்கால் மணி நேரம் இருக்கும். மாலையில் கை சிவந்தது. இரவு புறங்கை முழுவதும் வீங்கி நீர்க்கொப்புளம் கட்டியது. ஸ்வெட்டரின் கை முடியும் இடத்தில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டது போலச் சிவப்பு நின்றிருந்தது. மோதிரத்தைக் கழற்றியபோது அதன் அடியில் மட்டும் பழைய தோல், வெளிறிய வளையமாக அப்படியே இருந்தது. வலது ஆட்காட்டி விரல் நுனியிலும் பட்டாணி அளவு ஒரு செந்தடம். அது தேநீர்த் தம்ளர் சுட்டதென்று நினைத்துக்கொண்டோம்.

காரணம் எளியது, அப்போது எங்களுக்குத் தெரியாதது. இம்மருந்துகளை எழுப்பப் புற ஊதாக் கதிர் வேண்டியதில்லை, கண்ணுக்குத் தெரியும் ஒளியே போதும். ஜன்னல் கண்ணாடி அதை மறிக்காது. பனியும் அதைக் குறைக்குமே தவிர நிறுத்தாது. வெயிலுக்குப் பூசும் களிம்புகளும் பெரும்பாலும் புற ஊதாவுக்கானவை என்பதால் இங்கே உதவா.

ஜனவரி 11

நேற்றுக் காலை எழுதிய பாரமீசிய வேடிக்கையை நானே திரும்பப் பெறுகிறேன். அண்ணன் கையைச் சுட்ட மூடுபனி வெளிச்சம் பாரமீசியத்தை விட்டுவைத்திருக்குமா? ஒரே நாளில் எழுதிய இரண்டு குறிப்புகள் ஒன்றையொன்று வெட்டுகின்றன என்பதை ஊட்டி நண்பர் ஒருவர் சுட்டிக்காட்டிய பிறகுதான் கவனித்தேன்.

ஜனவரி 12

இன்னொரு தவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். கை வெந்த பிறகு நாங்கள் மிரண்டு போய், கடையில் கறுப்புத் துணி வாங்கி ஜன்னல்களுக்கெல்லாம் இரட்டையாக அடித்து, அண்ணனை முழு இருட்டில் வைத்தோம். அதுவும் பிழை என்று வெகுகாலம் கழித்துத்தான் படித்தேன். வீட்டுக்குள் இருக்கும் மங்கிய விளக்கொளி, தோலில் தங்கிய மருந்தைச் சிறிது சிறிதாக வெளுத்துச் செயலிழக்கச் செய்யும். ஆகையால் நேரடி வெளிச்சத்தைத் தவிர்த்து, சாதாரண வீட்டு வெளிச்சத்தில் நடமாட வேண்டும் என்பதுதான் முறை. இருட்டறையில் பூட்டினால் ஆபத்துக்காலம் நீளுமே ஒழியக் குறையாது.

பகலெல்லாம் அடைந்து கிடந்தவருக்கு இரவில் நடக்க ஆசை வந்தது. ஒன்பது மணிக்கு மேல் இருவரும் தேயிலைத் தொழிற்சாலை வரை போய் வருவோம். ஒரு நாள் வளைவில் காட்டுமாடு வழியை மறித்துக்கொண்டு நின்றது. 'பகலில் சூரியன் முட்டுகிறது, ராத்திரி இது முட்டப் போகிறது' என்று அண்ணன் காதோடு சொன்னார். நாங்கள் அரை மணி நேரம் அசையாமல் நின்றோம், அது தன் வேளை வந்தபோது போயிற்று.

அவர் அதன்பின் எட்டு மாதம் இருந்தார். ஐந்து மாதம் வாயால் சாப்பிட்டார். சிகிச்சை கொடுத்தது அதைத்தான், அது சிறிதன்று. பறித்துக்கொண்டதில் ஒரு மாத வெளிச்சமும் சேரும்.

ஜனவரி 13

இனித் துகளுக்கு வருகிறேன்.

செல்கள் சும்மா இருப்பதில்லை, தங்கள் சவ்வில் சுற்றிய நுண்பைகளை ஓயாமல் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. செல்லுக்குள் உருவாகி வெளியேறும் சிறியவற்றை எக்சோசோம் என்கிறார்கள். ஏறத்தாழ 30 முதல் 150 நானோமீட்டர் வரை இருக்கும். செல்லின் வெளிச்சவ்விலிருந்தே மொட்டுவிட்டுப் பிரியும் பெரியவை 1000 நானோமீட்டர் வரை போகும். 1967இல் பீட்டர் உல்ஃப் இவற்றை ரத்தத் தட்டணுக்களின் தூசி என்றுதான் எழுதினார். 1983இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரோஸ் ஜான்ஸ்டோன் குழுவினர், முதிரும் நிலையிலிருந்த செம்மறியாட்டுச் சிவப்பணுக்கள் தமக்கு இனி வேண்டாத புரதத்தை இப்படிப் பைகளில் கட்டி வெளியே எறிவதைக் கண்டார்கள். அதே ஆண்டில் அமெரிக்காவில் எலியின் அணுக்களில் மற்றொரு குழுவும் கண்டது. எக்சோசோம் என்ற பெயர் 1987இல் நிலைத்தது. ஆக, கூரியர் என்று கொண்டாடப்படும் பொருளை முதலில் பார்த்தவர்கள் குப்பை மூட்டை என்றே நினைத்தார்கள். இரண்டு உவமையும் முழுதும் பொய்யில்லை.

நானும் இதைப் பார்த்திருக்கிறேன், என்னவென்று தெரியாமலே. ரத்த வங்கியின் குளிர்ப்பெட்டியில் ஐந்து வாரம் நின்ற பையை எடுத்தால் மேலே தெளிந்து நிற்கும் நீர் முதல் வாரத்துப் பையைப் போல இருக்காது, இளஞ்சிவப்பு ஏறியிருக்கும். சில அணுக்கள் உடைந்து நிறம் கசிந்திருக்கிறது என்று ஏட்டில் எழுதுவோம். அந்த நீரில் சிவப்பணுக்கள் உதிர்த்த நுண்பைகளும் கோடிக்கணக்கில் மிதந்தன. எங்கள் நுண்ணோக்கிக்கு அவை எட்டவில்லை.

நோபல் விஷயம்: 2013இல் ராத்மன், ஷெக்மன், சூடாஃப் ஆகியோர் பரிசு பெற்றது செல்லுக்கு உள்ளே பைகள் சரக்கைச் சரியான இடத்தில் சேர்க்கும் ஏற்பாட்டுக்காக. உறவுண்டு, ஆனால் எக்சோசோமில் புற்றுமருந்து ஏற்றியதற்கு யாரும் நோபல் வாங்கவில்லை.

ஜனவரி 15

குன்னூர் வாசகி மீண்டும் கேட்டிருக்கிறார்: 'துகள் தானாகக் கட்டியைத் தேடிப் போகும் என்பது பொய்யா?'

முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். எந்தச் செல்லிலிருந்து வந்ததோ அதன் மேற்புரதங்கள் சில பையின் மேலும் இருக்கும் என்பதால், சில வகைச் செல்கள் அவற்றைக் கூடுதலாக வாங்கிக்கொள்கின்றன. ஆய்வகத் தட்டில் இது நன்றாகத் தெரிகிறது. ஆனால் எலியின் ரத்தத்தில் ஏற்றிப் பார்த்தால், பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் விரைவிலேயே வாரிக்கொண்டு போய்விடுகின்றன. கட்டிக்குப் போய்ச் சேருவது மிச்சம்தான். 'என்னைத் தின்னாதே' என்று சொல்லும் சிடி47 என்ற புரதத்தைப் பையின் மேல் கூட்டி, விழுங்கு செல்களிடமிருந்து கொஞ்சம் தப்பவைக்கலாம். கொஞ்சம்தான்.

ஆகவே என் எண்ணம் இது. இந்தச் சிகிச்சையில் குறி வைப்பது விளக்கைப் பிடித்திருக்கும் கை. துகள் அதற்கு உதவிக்கு வருகிறது, அவ்வளவே. கல்லீரலில் போய் உட்கார்ந்த மருந்தின் மேல் யாரும் ஒளி அடிக்கப் போவதில்லை, அது பெரும்பாலும் தூங்கிக்கொண்டே வெளியேறும். சாதாரணக் கீமோ மருந்து கல்லீரலில் இறங்கினால் இறங்கிய இடத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும். தவறான இடத்துக்குப் போனாலும் மன்னிக்கக்கூடிய சரக்கு என்பதால்தான், குறி பிசகும் இந்தத் துகளுக்கு ஒளிமருந்து நல்ல பொருத்தம் என்று நான் கருதுகிறேன். விளம்பரம் சொல்வதற்கு நேர்மாறான காரணம்.

அப்படியானால் துகள் எதற்கு? ஒளிமருந்துகளில் பல நீரை வெறுப்பவை. ரத்தத்தில் விட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிதட்டிப் போகும். கட்டிதட்டிய மருந்து, வாங்கிய ஒளியைத் தன் கூட்டத்துக்குள்ளேயே தீர்த்துவிடும், ஆக்சிஜனுக்குக் கொடுக்காது. சவ்வு கொழுப்பால் ஆனது என்பதால் அதற்குள் மருந்து தனித்தனியாகப் பரந்து உட்காரும், பைக்குள் வந்த மருந்தைச் செல்லும் எளிதாக விழுங்கும். குறைந்த மருந்தில் அதே வேலை நடந்தால், தோலில் போய்த் தங்குவது குறையலாம். வெளிச்சத்துக்கு அஞ்சும் நாட்களும் சுருங்கலாம். அண்ணனின் ஒரு மாதம் ஒரு வாரமாகுமா என்பதற்காகத்தான் நான் இந்தக் கட்டுரைகளைக் கண்ணைக் கசக்கிக்கொண்டு படிக்கிறேன்.

ஜனவரி 15, சற்றுக் கழித்து

மருந்தை எப்படி உள்ளே ஏற்றுகிறார்கள் என்று கேட்டவருக்கு: வெறுமனே கலந்து ஊற வைக்கலாம்; மின்னதிர்ச்சி கொடுக்கலாம்; உறையவைத்து உருக்கலாம்; ஒலியலையால் குலுக்கலாம்; சப்போனின் சேர்க்கலாம். லண்டன் இம்பீரியல் கல்லூரியிலிருந்து 2015இல் வந்த ஆய்வில் போர்ஃபிரின் வகை ஒளிமருந்துகளைத்தான் ஏற்றினார்கள். நீரில் கரையும் போர்ஃபிரினைச் சும்மா ஊற வைத்ததைவிட, சப்போனின் போன்ற வழிகளில் 11 மடங்கு வரை கூடுதலாக ஏற்ற முடிந்தது.

சப்போனின் வேறொன்றுமில்லை, பூந்திக்கொட்டையும் சீயக்காயும் நுரைக்கக் காரணமான பொருள். அது சவ்விலுள்ள கொலஸ்ட்ராலைப் பிடித்து இழுத்து ஓட்டை போடும். சிவப்பணுவை உடைப்பதற்கு நாங்கள் அதைப் பயன்படுத்தியதுண்டு. ஒரு சொட்டில் கலங்கிய ரத்தம் கண்ணாடி போன்ற சிவப்பு நீராகிவிடும். எனவே ஏற்றிய பிறகு மிச்சமிருக்கும் சப்போனினைக் கழுவி நீக்காமல் நரம்பில் ஏற்றினால் என்ன ஆகும் என்பதை என்னைப் போன்றவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஜனவரி 16

கொடைக்கானல் நண்பர் எழுதுகிறார்: இஞ்சியிலும் திராட்சைப் பழ வகையிலும் இத்தகைய நுண்பைகள் எடுக்கிறார்களாம், எங்கள் மலைப்பூண்டிலும் எடுத்தால் என்ன, 2019இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டதே என்று. எடுக்கலாம் ஐயா. செடியின் செல்களும் நுண்பைகளை விடுகின்றன, பசும்பாலிலும் அவை ஏராளம். ஆனால் புவிசார் குறியீடு பூண்டுக்குத்தான், நரம்பில் ஏறும் ஊசிக்கில்லை. வாசனையைப் பற்றி நோயாளியின் வீட்டாரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஜனவரி 18

'இயற்கையானது, ஆகவே தீங்கில்லை' என்ற வரிதான் என்னை மிகவும் உறுத்துகிறது. குன்னூரில் இருந்துகொண்டு இதை நம்பக் கூடாது.

1907இல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம் உங்கள் ஊரில்தான் இருக்கிறது. நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம் பெற்றோர் பயமுறுத்துவார்களே, அந்த மருந்து செம்மறியாட்டின் மூளையில் நோய்க்கிருமியை வளர்த்துச் செயலிழக்கச் செய்து எடுத்தது. என் அப்பா சிறுவயதில் அதைப் போட்டுக்கொண்டவர். போடாவிட்டால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஆனால் அந்த மருந்தோடு ஆட்டு மூளையின் நரம்புறைப் பொருளும் சேர்ந்தே உடலுக்குள் போனது. சிலருக்கு உடல் அதை எதிர்க்கப் புறப்பட்டு, தன் நரம்பையே தாக்கி, கைகால் விழுந்துவிட்டது. ஆட்டு மூளையைவிட இயற்கையான பொருள் வேறென்ன இருக்கிறது? நம் நாட்டில் 2004 இறுதியில் அவ்வகை மருந்தை நிறுத்தி, வளர்ப்புச் செல்லில் எடுத்துத் தூய்மைப்படுத்திய மருந்துக்கு முழுதாக மாறினார்கள்.

நுண்பையிலும் கேள்வி அதேதான்: நாம் ஏற்றிய மருந்தைத் தவிர அதற்குள் வேறென்ன இருக்கிறது? செல் தன் புரதத்தையும் ஆர்.என்.ஏ. துண்டுகளையும் உள்ளே கட்டி அனுப்புகிறது. புற்றுச்செல்லிலிருந்து எடுத்த பை தன் இனத்தைத் தேடிப் போகும் என்று சிலர் அதையே சுமையாளாக்கப் பார்க்கிறார்கள். புற்று பரவுவதற்கு நிலத்தைப் பண்படுத்தும் சரக்கும் அதே பையில் போகலாம். திருடனின் வண்டியில் போலீஸை ஏற்றி அனுப்புவது போல. பின்னிருக்கையில் இன்னொரு திருடன் இருக்கிறானா என்று பார்த்துவிட்டுத்தானே ஏற்ற வேண்டும்?

சிவப்பணுப் பை இவ்வகையில் எனக்குப் பிடித்தது. முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கருவே இல்லை, ஆகவே மரபுச் சரக்குப் பற்றிய அச்சம் மிகக் குறைவு. ரத்த வங்கி முறைகளும் பழகியவை. ஆனால் அதனுள் ஹீமோகுளோபின் இருக்கும், அது ஒளியைக் குடிக்கும். 650 நானோமீட்டருக்கு மேல் விழிக்கும் மருந்தென்றால் இந்த இடைஞ்சல் மிகவும் குறையும்.

ஜனவரி 20

சற்று விலகிப் போகிறேன், பிறகு திரும்பிவிடுவேன். பக்கத்துவீட்டுப் பசு, கறுப்பும் வெள்ளையும் கலந்தது, வேலியோரத்து உண்ணிச்செடியை மேய்ந்துவிட்டது. மூன்றாம் நாள் அதன் வெள்ளைத் திட்டுகள் மட்டும் சிவந்து, வெடித்து, தோல் காகிதம் போல உரிந்தது. கறுப்புத் திட்டுகளில் ஒரு கீறலில்லை. இரண்டு நிறமும் சேரும் எல்லையை விரலால் தடவினால் ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் புண். அதைப் பார்த்ததும் எனக்கு ஸ்வெட்டர் கோடும் மோதிர வளையமும் நினைவுக்கு வந்தன. உண்ணிச்செடியில் ஒளிமருந்து இருக்கிறது என்று பக்கத்துவீட்டுக்காரரிடம் பெரிய தோரணையில் விளக்கினேன். பரணில் கிடந்த அண்ணனின் கறுப்புத் துணியை எடுத்துத் தொழுவத்தில் கட்டினோம்.

ஜனவரி 21

தோரணை ஒரு நாள்கூட நிற்கவில்லை. கால்நடை மருத்துவர் வந்து திருத்திவிட்டுப் போனார். உண்ணிச்செடியின் நஞ்சு செய்வது, கல்லீரலிலிருந்து பித்தம் இறங்காமல் அடைப்பது மட்டும்தான். பசு தின்ற புல்லின் பச்சையத்தை இரைப்பை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது ஃபில்லோஎரித்ரின் என்ற பொருள் உண்டாகிறது. வழக்கமாக அது பித்தத்தோடு போய்விடும். பித்தம் அடைத்தால் ரத்தத்தில் ஏறித் தோலுக்கு வந்துவிடும். வெயில் எழுப்பியது அதைத்தான். வெறும் புல்லில் இருந்து வந்தது!

இது இந்தத் தொடருக்கு வெளியே போன பேச்சன்று. ஆய்வகங்களில் நுண்பைக்குள் அதிகம் ஏற்றப்படும் ஒளிமருந்துகளில் ஒன்றான குளோரின் ஈ6 என்பதும் பச்சையத்திலிருந்து வருவதுதான். இங்கே குளோரின் என்பது தண்ணீரில் போடும் வாயு அன்று, மூலக்கூறின் வளைய அமைப்புக்கு வைத்த பெயர். அதை எழுப்புவது 660 நானோமீட்டரை ஒட்டிய சிவப்பு. என் அரை ஏக்கரில் மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை, பச்சைத் தேயிலைக்கு வரும் விலையைப் பார்த்தால் அதையாவது செய்யலாம் போலிருக்கிறது.

பசு நிழலில் தேறி வருகிறது.

ஜனவரி 24

'அப்படியானால் ஏன் இன்னும் வரவில்லை' என்று இருவர் கேட்டுவிட்டார்கள். எங்கள் கூடத்தில் ரத்தத்தைப் பிரிக்கும் சுழற்றி நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும். மழைக்காலத்தில் மின்சாரம் போனால் குழாய்களை எடுத்து மறுபடி முதலிலிருந்து தொடங்குவோம். நுண்பைகளைப் படியவைக்கப் புவியீர்ப்பைப் போல ஒரு லட்சம் மடங்கு விசை வேண்டும். லிட்டர் கணக்கில் செல் வளர்ப்பு நீரைச் சுழற்றினாலும் கிடைப்பது குழாயின் அடியில் ஒரு மங்கல் படலம். ஒரு தொகுதி மறு தொகுதியைப் போல இருப்பதில்லை. வடிகட்டியும், அளவு வாரியாகப் பிரித்தும் எடுக்கும் முறைகள் இப்போது வந்துவிட்டன. ஆயினும் நோயாளிக்குப் போதுமான அளவு, ஒரே தரத்தில், ஆண்டு முழுவதும் என்பது வேறு கணக்கு.

இன்னொரு கண்ணி இருக்கிறது. நீரை வெறுக்கும் மருந்து தானே கட்டிதட்டிப் போகும் என்று 15ஆம் தேதி எழுதினேன். அந்த மருந்துக் கட்டியும் சுழற்றியில் அடியில் படியும். பைக்குள் ஏறிய மருந்தும் பக்கத்தில் படிந்த மருந்தும் ஒரே நிறத்தில், ஒரே குழாயடியில். பையே போடாமல் மருந்தை மட்டும் அதே போலச் சுழற்றிப் பார்த்த ஒரு குழாய் ஆய்வில் இல்லையென்றால், இத்தனை விழுக்காடு மருந்து பைக்குள் ஏறியது என்று அவர்கள் சொல்வதை நான் நம்புவதில்லை. 31 ஆண்டுகள் வெற்றுக் குழாய் வைக்காமல் ஒரு சோதனையும் செய்யாதவனின் பிடிவாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முகப்பொலிவுக்கு, முட்டிவலிக்கு என்று எக்சோசோம் ஊசி விற்பவர்களைப் பற்றியும் ஒருவர் கேட்டார். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019 டிசம்பரில், நெப்ராஸ்காவில் அனுமதியற்ற எக்சோசோம் பொருள்களைப் போட்டுக்கொண்டவர்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டதைச் சொல்லிப் பொது எச்சரிக்கை விட்டது. வேறு பேச்சு வேண்டியதில்லை.

ஜனவரி 27

அத்தையின் நாக்குக்கே திரும்பி வருகிறேன், இது மிஞ்சிப் போயிருந்தது. ஒளியியக்கச் சிகிச்சை வாய்ப்புற்றுக்குப் பொருந்தாது என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். டெமோபோர்ஃபின் என்ற மருந்துக்கு ஐரோப்பாவில் 2001இல் அனுமதி கிடைத்தது. 652 நானோமீட்டர் ஒளி. மற்றச் சிகிச்சைகள் கைவிட்ட தலை, கழுத்துப் புற்றுக்கு. நாக்கு ஒளி எட்டும் இடம்.

எட்டாத இடம் கழுத்து நிணநீர் முடிச்சு. சிவப்பு ஒளி தசைக்குள் மில்லிமீட்டர் கணக்கில்தான் பயனோடு இறங்கும். நாக்குப் புற்று கழுத்துக்குப் போவதில் கெட்டிக்காரன். அறுவையில் நாக்கோடு சேர்த்துக் கழுத்தையும் பார்த்துவிடுவார்கள், எடுத்ததை வெட்டிப் பார்த்து நோய்க்குறியியலாளர் விளிம்பு சுத்தமா, அதாவது ஓரத்தில் புற்று மிச்சமில்லையா என்று சொல்லிவிடுவார். ஒளி பட்டுக் கருகி உதிர்ந்ததற்கு விளிம்பு பார்க்க முடியாது. அத்தையிடம் இந்தக் காரணத்தைச் சொல்லுங்கள். நுண்பை, நானோமீட்டர் எதுவும் வேண்டாம்.

பிப்ரவரி 3

அறுவை முடிந்தது, ஒரு முடிச்சில் மட்டும் இருந்தது, கதிர்ச்சிகிச்சை பற்றிப் பேசுகிறார்கள் என்று வாசகி எழுதியிருக்கிறார். மூக்குக் குழாயை எடுத்ததும் அத்தை கேட்டது மோராம்.

பிப்ரவரி 5

ஜனவரி 10ஆம் தேதிக் குறிப்பில் ஒன்றைத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கிறது. அண்ணனின் வலது ஆட்காட்டி விரல் நுனியில் பட்டாணி அளவு செந்தடம், தம்ளர் சுட்டது என்று எழுதியிருந்தேன். டெமோபோர்ஃபின் பற்றி மறுபடி படித்தபோது, விரலில் மாட்டி ஆக்சிஜன் அளக்கும் கருவியின் சிவப்பு விளக்கே அந்த மருந்து ஏறியவர்களின் விரலைச் சுடக்கூடும், ஆகவே கருவியை ஒரே விரலில் வெகுநேரம் விடக்கூடாது என்று கண்டேன். மருத்துவமனையில் அண்ணனுக்கு அந்தக் கருவி இரண்டு இரவும் அதே விரலில்தான் இருந்தது. ஆனால் அக்கருவியின் ஒளி 660 நானோமீட்டரை ஒட்டியது. ஃபோட்டோஃப்ரின் அந்த நிறத்தை மிகக் குறைவாகவே உறிஞ்சும். மேலும் தடத்தை நாங்கள் பார்த்தது பன்னிரண்டு நாள் கழித்து. ஆகவே தம்ளர் என்றே இப்போதைக்கு விட்டுவைக்கிறேன். எங்கள் வீட்டுத் தம்ளர் எவர்சில்வர்.